மீனுக்குப் போட்ட ரொட்டி

எட்டு வயதில் மலேசியாவின் பாயார் தீவின் கரையோர நீரில், இடுப்பளவு ஆழத்தில், ஒரு துண்டு ரொட்டியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீருக்குள் கையை இறக்கியதுதான் தாமதம், எங்கிருந்தோ நூறு மீன்கள் வந்து என் கையை மொய்த்துக்கொண்டன. மஞ்சளும் வெள்ளியும் கலந்த உடலில் ஐந்து கருப்புக் கோடுகள் இறங்கும் மீன்கள். அவற்றின் வாய் விரல்களில் உரசியது கூசியது. நான் கத்திச் சிரித்தேன். பின்னாலிருந்து என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "போடு பாப்பா, இன்னும் போடு, வாயில்லா ஜீவனுக்குப் போட்டா புண்ணியம்" என்று அடுத்த துண்டைப் பிய்த்துக் கொடுத்தார். அந்த ரொட்டியைப் படகில் வந்த ஊழியரே எங்களுக்கு விற்றார். என் பிள்ளைப்பருவத்தின் மிக மகிழ்ச்சியான பகல்களில் ஒன்று அது. அப்படித்தான் முப்பது ஆண்டுகளாக எண்ணி வந்தேன். மூன்றாண்டுகளுக்கு முன் பெர்ஹெந்தியான் தீவின் பவளப்பாறை ஒன்றருகே ஐந்து மீட்டர் ஆழத்தில் மிதந்தபடி நான் கண்ட ஒரு காட்சிக்குப் பிறகு, அந்த ரொட்டித் துண்டு என் மனத்தை விட்டு இறங்க மறுக்கிறது.

அம்மாவைத் தெரியாதவர்களுக்கு இதைப் புரிய வைப்பது கடினம். சுங்கை பட்டாணிக்கு அருகிலிருந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, திருமணமாகிப் பினாங்கு மாநிலத்தின் பிறை நகருக்கு வந்தவர். காலையில் வாசலில் அரிசி மாவில்தான் கோலம் போடுவார். கடையில் விற்கும் வண்ணப்பொடி எறும்புக்கு ஆகாது என்பது அவர் கட்சி. சமைத்த சோற்றில் முதல் கவளம் மதில்மேல் காக்கைக்குப் போகும். மோட்டார்சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் பெங்காளி ரொட்டி வாங்கினால், கடைசி இரண்டு துண்டு தெருநாய்க்கு என்று எடுத்து வைக்கப்படும். ஆயர் ஈத்தாமில் இருக்கும் கெக் லோக் சி என்ற சீன பௌத்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், எங்கள் சாமி இல்லையென்றாலும், அங்குள்ள ஆமைக் குளத்தில் கங்கோங் கீரையைக் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். தாத்தா தம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போட்ட கதையை அம்மா என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஓர் உயிரைக் கண்டால் அதற்கு ஏதாவது உண்ணக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் வீட்டில் கல்நெஞ்சம் எனப்படும். நானும் அப்படியே வளர்ந்தேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

மூச்சை அடக்காதே

டைவிங் கற்க வேண்டும் என்ற ஆசை எனக்குத் தாமதமாகவே, முப்பத்தாறு வயதில் வந்தது. பினாங்கைச் சுற்றியுள்ள மலாக்கா நீரிணையின் நீர் கலங்கலானது; பல நாள்களில் நீட்டிய கை தெரியாது. ஆகவே எங்கள் பக்கத்து ஆள்கள் பெரும்பாலும் செய்வதுபோல் நானும் தோழியும் விடியும் முன்பே பிறையிலிருந்து புறப்பட்டு, கிரிக்கைத் தாண்டி, காட்டைக் கிழித்துச் செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் தெமெங்கோர் ஏரியைக் கடந்து, ஜெலி வழியாகக் கோலா பெசுட் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து வேகப்படகில் ஏறினால் பெர்ஹெந்தியான்.

எங்களுக்குப் பயிற்றுவித்தவர் கோலா பெசுட்டிலேயே பிறந்த மீனவர் மகன். நாங்கள் அவரை அபாங், அதாவது மலாயில் அண்ணன், என்று அழைத்தோம். அவர் கற்றுத் தந்த முதல் பாடம், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது. எனக்கு அது விந்தையாக இருந்தது. கொற்கையிலும் மன்னாரிலும் முத்துக்குளித்த குளியாளிகள் மூச்சை அடக்கித்தானே இறங்கினார்கள்? அவர்கள் கரையில் இழுத்த மூச்சையே கீழே கொண்டுபோய்க் கரைக்கே கொண்டுவந்தார்கள். அதனால் அவர்களுக்கு அது பொருந்தியது. நாமோ கீழே சிலிண்டரிலிருந்து அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கிறோம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது வழியிலேயே இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். விட்டுக்கொண்டே இரு, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாதே என்று அபாங் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டாம் பாடம் கைகளைப் பற்றியது. புதிதாக இறங்குபவர்கள் நிலைதடுமாறும்போது கைகளை வீசி எதையாவது பற்றிக்கொள்வார்கள். பற்றுவது பவளமாக இருந்தால் பல ஆண்டுகள் வளர்ந்த கிளை ஒரு நொடியில் முறிந்து கையோடு வரும். பார்ப்பதற்குக் கல்போல் இருந்தாலும் அது கல்லன்று; ஆயிரமாயிரம் சிறு உயிர்கள் சுண்ணாம்பால் வீடு கட்டிக் கூடிவாழும் குடியிருப்பு. எனவே அபாங் எங்களைக் கைகட்டிக்கொள்ளச் சொன்னார். மார்புக்குக் குறுக்கே இரு கைகளையும் கட்டிக்கொண்டு, கால்களை மட்டும் மெல்ல அசைத்துச் செல்ல வேண்டும். பெரியவர்கள் முன்னும் சன்னிதி முன்னும் கைகட்டி நின்று பழகிய எனக்கு, இந்த ஒன்று மட்டும் முதல் நாளிலேயே வந்துவிட்டது.

கடலுக்கடியில் அமைதி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்படி இல்லை. இறங்கிய கணத்திலிருந்து, சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஓயாத ஓர் ஒலி. தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்கள் எழுப்பும் ஒலி அது என்று பிறகு அறிந்தேன். அதற்கு நடுவே கறுக் கறுக்கென்று யாரோ கற்கண்டு கடிப்பதைப்போல் இன்னொன்று: கிளிமீன்கள் தங்கள் அலகுபோன்ற பல்லால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கின்றன. சுரண்டும்போது உள்ளே போகும் சுண்ணாம்பு, அரைபட்டு வெண்மணலாக வெளியே வருகிறது. நாம் காலைப் புதைத்து நடக்கும் கடற்கரை மணலில் அதற்கும் ஒரு பங்குண்டு. ஒரு பாறை மடிப்பில் பெரிய கெராப்பு மீன் ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்க, சுண்டுவிரல் அளவுள்ள நீலக்கோட்டு மீன் ஒன்று அதன் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. விழுங்கக்கூடியதை விழுங்காமல் கெராப்பு பொறுத்துக்கொண்டிருந்ததை என் காற்று தீரும்வரை பார்க்கலாம் போலிருந்தது. கடற்சாமந்தியின் மெத்தையில் புரளும் கோமாளி மீன் குடும்பத்தில் பெரியது எப்போதும் பெண். அது இறந்தால் அடுத்து நிற்கும் ஆண் பெண்ணாக மாறிக் குடும்பத்தைத் தொடர்கிறது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் நான் சொல்ல வந்தது என் பழைய நண்பர்களான அந்த ஐந்து கோட்டு மீன்களைப் பற்றி.

மூன்று நிமிடம்

மூன்றாம் நாள் காலை இரண்டாவது இறக்கம் முடிந்து மேலேறிக்கொண்டிருந்தோம். கரையேறும் முன் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று, அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற இடம் கொடுக்க வேண்டும். செய்வதற்கு ஒன்றுமில்லாத மூன்று நிமிடம். பாறைச்சரிவுக்கு ஒரு கை தொலைவில் கைகட்டி மிதந்தேன். என் கண்ணுக்கு நேரே, பாசியே இல்லாமல் துடைத்து வைத்தாற்போன்ற பாறைமுகத்தில், உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு கருஞ்செந்நீலத் திட்டு இருந்தது. அபாங் விளக்கை அடித்துக் காட்டினார். வெளிச்சம் பட்டதும் அந்தத் திட்டு புள்ளிகளாகப் பிரிந்தது. கேழ்வரகு மணியைவிடச் சிறிய முட்டைகள், ஆயிரக்கணக்கில், ஒன்றோடொன்று நெருங்கிப் பாறையில் ஒட்டியிருந்தன. அவற்றில் சிலவற்றுக்குள் இரண்டு கரும்புள்ளிகள். கண்கள்.

திட்டின்முன் ஒரு மீன் காவல் நின்றது. டைவிங் செய்பவர்கள் அதனைச் சார்ஜண்ட் என்பார்கள், உடற்கோடுகள் படைவீரரின் கைப்பட்டையைப்போல் இருப்பதால். நான் சிறுவயதில் ரொட்டி ஊட்டிய அதே இனம்; ஆனால் நிறம் மாறி, மஞ்சள் மங்கி நீலம் பாய்ந்திருந்தது. காவலிருக்கும் ஆண் அப்படித்தான் மாறும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. இடத்தைத் துடைத்து வைப்பதும், முட்டைகள்மேல் நீர் ஓடும்படி பக்கத்துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பதும், கெட்டுப்போனதை வாயால் பொறுக்கி எறிவதும் தந்தையின் வேலை. என் விளக்கைப் பார்த்து அது என்மேல் பாய்ந்தது. நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. நானோ அதற்கு ஒரு படகுக்குச் சமம். ஆயினும் என் முகக்கண்ணாடிக்கு நான்கு விரற்கிடை தள்ளி நின்று முறைத்துவிட்டு, சட்டென்று திரும்பி முட்டைகளிடம் போனது. திட்டைச் சுற்றிச் சற்றுத் தள்ளி, பச்சை உடலும் மஞ்சள் பிறைவாலும் கொண்ட மீன்கள் நான்கைந்து வேலையில்லாதவைபோல் திரிந்தன. ஒன்று நெருங்கினால் சார்ஜண்ட் விரட்டியது; இன்னொன்று மறுபுறம் வந்தால் அங்கே பாய்ந்தது. இடையிடையே விசிறவும் தவறவில்லை. பிள்ளைக்காய்ச்சலுக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவரின் அயராமை அதில் இருந்தது.

அப்போதுதான் மேலே இரு நிழல்கள் வந்தன. நிமிர்ந்து பார்த்தேன். நீர்ப்பரப்பில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் அணிந்த ஒரு குழந்தை குப்புற மிதந்தது. பின்னாலிருந்து ஒருவர் அந்தச் சட்டையைப் பிடித்திருந்தார். குழந்தையின் கையிலிருந்து வெண்மையாக ஏதோ உதிர்ந்து, சோற்றுப் பருக்கைபோல் மெல்ல இறங்கி வந்தது. ரொட்டி.

நாற்புறமிருந்தும் சார்ஜண்ட்கள் மேலே எழுந்தன. என் முன்னிருந்த அதுவும் ஒரு கணம் தயங்கியது. திட்டைப் பார்த்தது, மேலே பார்த்தது என்று எழுதினால் மனித எண்ணத்தை அதன்மேல் ஏற்றுகிறேன் என்பது தெரியும்; ஆனால் அது பாதித் தொலைவு எழுந்து, திரும்பி வந்து, இரண்டுமுறை விசிறிவிட்டு மீண்டும் எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். இம்முறை திரும்பவில்லை. அது விலகிய அந்த இடைவெளிக்காகவே காத்திருந்ததைப்போல் பிறைவால் மீன்கள் திட்டின்மேல் விழுந்தன. பின்னாலேயே கண்மேல் கரும்பட்டை கொண்ட வண்ணத்துப்பூச்சி மீன்கள் இரண்டு வந்தன. சண்டையில்லை, இரைச்சலில்லை, பாறையிலிருந்து பிய்த்துப் பிய்த்து, அடக்கமாக, வேகமாகத் தின்றன. நான் கட்டிய கையை அவிழ்த்து வீசினேன். அவை என்னை ஒரு பொருட்டாக மதிக்கவே இல்லை. அபாங் என் தோளைத் தொட்டு, வேண்டாம் என்று விரலை அசைத்தார். மேலே குழந்தை சிரித்தது. மூச்சுக்குழாய் வழியாக அந்தச் சிரிப்பு ஒரு மெல்லிய ஊதலாகக் கீழே வந்து சேர்ந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். அது என் சிரிப்பு.

பத்துப் பதினைந்து மூச்சு இழுத்து விட்டிருப்பேன். சார்ஜண்ட் திரும்பி வந்து எல்லாவற்றையும் விரட்டியது. திட்டில் பாதிக்குமேல் இல்லை. வெளிறிய பாறைதான் மிஞ்சியிருந்தது. மீன் தன் பழைய இடத்தில் நின்று மீண்டும் விசிறத் தொடங்கியது. இருந்த முட்டைகளுக்கும் விசிறியது, முட்டை இருந்த வெறும் பாறைக்கும் சேர்த்து விசிறியது. மேலேறலாம் என்று அபாங் கட்டைவிரலை உயர்த்தினார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

அம்மாவின் வழக்கு

படகில் ஏறியதும் அழுதேன். எதற்கென்று தோழிக்குப் புரிந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தாயின்மேலும் குழந்தையின்மேலும் எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது வெள்ளியாய் மின்னும் மீன்கூட்டம் மட்டுமே. அதே நொடியில் கீழே பாறையில் நடப்பது அவர்கள் கண்ணுக்கு எட்டாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பாயாரில் என் கையை மொய்த்தவற்றுள் எத்தனை, முட்டையை விட்டுவிட்டு வந்தவை என்ற கேள்விக்கு இனி விடை கிடைக்கப் போவதில்லை.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றிப் படித்தேன், கேட்டேன். ரொட்டியால் கெடுவது முட்டைகள் மட்டுமல்ல. பாறையில் பாசியைச் சுரண்ட வேண்டிய மீன் ரொட்டிக்குப் பழகினால் பாசி வளர்ந்து பவளத்தை மூடும்; தின்னாமல் கரைந்த ரொட்டி அந்தப் பாசிக்கே உரமாகும்; ரொட்டிக்கு ஓடி வரும் துணிச்சலான இனங்கள் பெருகி, கூச்சமுள்ளவை ஒதுங்கிவிடும்; கை வெறுமையாக இருந்தால் கடிக்கவும் பழகும். இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர், கடலே சூடேறிக்கொண்டிருக்கும்போது ஒரு துண்டு ரொட்டியைப் பற்றியா பேசுகிறாய் என்று கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நீர் வழக்கமான உச்சக் கோடைவெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 2010 ஜூலையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளில் டைவிங் இடங்கள் சில மூடப்பட்டது அதனால்தான். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அதன்முன் என் ரொட்டி தூசு. ஆயினும் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காய்ச்சலில் கிடப்பவரின் வீட்டுக்குப் போகிறவர், காய்ச்சல் தன்னால் வரவில்லை என்பதற்காக அங்கே சத்தம் போடலாமா? கடலின் சூட்டைத் தணிக்க என் ஒருத்தியால் ஆகாது. கையிலிருக்கும் ரொட்டியைப் போடாமல் இருப்பது முழுக்க முழுக்க என் கையில் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்ல எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவருடைய புண்ணியத்தில் கைவைக்கிறேனே என்ற அச்சம். சொன்னபோது கையிலிருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கடைசிவரை கேட்டார். பிறகு, "பசிச்சுதானே பாப்பா போச்சு? பிள்ளையைக் காவல் காக்கிறவன் பட்டினியா நின்னா, நாம போடாம யாரு போடுவா?" என்றார்.

எனக்கு உடனே விடை வரவில்லை. இன்னும் இக்கட்டு என்னவென்றால், நான் படித்தவற்றில் ஒன்று அம்மாவின் பக்கமே பேசியது. காவலிருக்கும் அந்த ஆண் மீன் அதிகம் மேய முடியாமல் நிற்பதால், சிலவேளை தன் முட்டைகளிலேயே ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. அதை மறைத்து வழக்கை வெல்ல எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன். அம்மா கீரையை வைத்துவிட்டார். "ஐயோ" என்று மட்டும் சொன்னார். சிறிது நேரம் கழித்து, மிதந்து வரும் நுண்ணுயிரை நின்ற இடத்துக்கு அருகிலேயே எட்டிப் பிடித்துத் தின்ன அதற்கு வழியுண்டு என்றும், முட்டை பொரிய ஒரு வாரம்கூட ஆகாது என்றும், அந்த ஒரு வாரத்தைத் தாங்கும் கணக்கு அதனிடமே இருக்கிறது என்றும், நாம் போடும் ரொட்டி அந்தக் கணக்கைத்தான் குலைக்கிறது என்றும் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "நான் அதைப் பார்க்கணும்" என்றார்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் அழைத்துப்போனேன். அறுபத்தெட்டு வயதில் அம்மா முதல்முறையாக முகக்கண்ணாடி மாட்டினார். பையில் பாதி ரொட்டி இருந்ததைப் படகிலேயே கவனித்துவிட்டேன். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. மிதவை வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டை வலிக்கும்படி இறுக்கிக்கொண்டு வந்தார். கரையிலிருந்து சிறிது தொலைவில், மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை. அதில் முந்தைய நாளே நான் பார்த்து வைத்திருந்த திட்டு, அதன்முன் நீலம் பாய்ந்த ஒரு மீன். அம்மாவின் தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினேன். முதலில் மூச்சு வேகமாக வந்தது, பிறகு சீரானது. மீன் விரட்டியது, திரும்பியது, விசிறியது. மீண்டும் விரட்டியது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. என் மணிக்கட்டை இறுக்கியிருந்த பிடி தளர்ந்தது. பார்த்தால், அம்மா வளையத்தை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டின்மேல் இரு கைகளையும் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பாதி ரொட்டியை மாலையில் நாங்கள் இருவருமே தேநீரில் தோய்த்துத் தின்று தீர்த்தோம். கடலைப் பார்த்தபடி அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ அது எப்ப சாப்பிடும்?" பொரிந்தபிறகு வயிறார மேயும் என்றேன். தலையசைத்துக்கொண்டார்.

பிறைக்குத் திரும்பி ஐந்தாம் நாள் காலை, கோலம் போட்டு முடித்த கையோடு தொலைபேசியில் அழைத்தார். நலம்கூட விசாரிக்கவில்லை. "பாப்பா, இன்னிக்கு ஆறேழு நாள் ஆச்சுல்ல? பொரிஞ்சிருக்கும் இல்ல?"

பொரிந்திருக்கும் அம்மா என்றேன்.